மருமவன் லினக்ஸுக்குக் குடிபோறான்

ரெண்டு நாள் சோலின்னா சொன்னே? இரு, அந்த வெத்திலைச் செல்லத்த இங்கன நவுத்து. இத வெறும் வாயோட கேக்கப்படாது.

விண்டோஸ்ல நாலு வருசமா ஓடுத பில்லு சாப்ட்வேரு. அத அலுங்காம தூக்கி லினக்ஸ் சர்வர்ல எறக்கணும். கம்பைல் ஆயிட்டு, எர்ரர் ஒண்ணுமில்ல, சனிக்கிழமை ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை ராத்திரிச் சோத்துக்கு முந்தி முடிஞ்சிரும். அதான மருமவனே? நல்லாருப்பே. ஒன் அம்மையப் பெத்த தாத்தா ஒரு வருசம் கரிசல்ல வெளஞ்ச பருத்தி வெதையக் கொண்டுபோயி தேரிக்காட்டுச் செம்மணல்ல தூவினாரு. மொளச்சுதா? ஜம்முனு மொளச்சுது. அவரும் மீசைய முறுக்கிக்கிட்டு ஊரு பூராவும் சொல்லிட்டு வந்தாரு. கம்பைல் ஆயிட்டுன்னு நீ சொல்லுதது அந்த மொளப்புதான். காய் புடிக்குத காலத்துல தாத்தா அந்தப் பக்கமே போகல.

நானும் மெட்ராஸ்ல 26 வருசம் இந்தச் சோலிதான் பாத்தேன். இப்ப வாழைக்குத் தண்ணி பாய்ச்சுதேன். ரெண்டுலயும் நடுராத்திரி எந்திரிச்சு ஓடணும். வாழை போன் போட்டுக் கத்தாது, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

நீ மொதல்ல பண்ணின காரியத்த ஒன் அம்மைக்கிட்டச் சொல்ல மாட்டேன். விண்டோஸ்ல ஃபோல்டருக்கு ஃபோல்டர் பேக்ஸ்லாஷ் போடுதோம், லினக்ஸ்ல ஸ்லாஷ் போடணும், சரி. அதுக்காவ எல்லா ஃபைலையும் தொறந்து வச்சு, பேக்ஸ்லாஷ் எங்கருந்தாலும் ஸ்லாஷா மாத்துன்னு ஒரே அமுக்கா அமுக்கிட்டே. பில்லுல அடுத்த வரிக்குப் போகச் சொல்லுத குறி என்னது? பேக்ஸ்லாஷும் ஒரு 'என்'னும். அதுவுஞ் சேந்து மாறிட்டு. இப்ப ஒன் பிரிண்டரு அரிசி ரெண்டு மூட்டை ஸ்லாஷ் என், உளுந்து ஒரு மூட்டை ஸ்லாஷ் என்னு, சாமியாடி குறி சொல்லுத மாதிரி மூச்சுவிடாம ஒரே வரியில அடிக்கி.

இந்தச் சண்டை எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? 1981-ல டாஸ் வந்தப்ப அதுல ஃபோல்டரே கெடையாது. எல்லா ஃபைலும் ஒரே களத்துல கொட்டிக் கெடக்கும். கட்டளைக்குப் பக்கத்துல 'இன்ன மாதிரி செய்யி'ன்னு சொல்லுததுக்கு ஸ்லாஷ எடுத்துக்கிட்டான். 1983-ல ரெண்டாவது டாஸு வந்தப்பதான் ஃபோல்டர் வந்துச்சு. யுனிக்ஸ்காரன் ஸ்லாஷ் போடுதான், நாமளும் போடுவோம்னு பாத்தா, அந்த எடத்துல ஏற்கெனவே ஆள் உக்காந்திருக்கு. சரின்னு கண்ணாடியில பாத்த மாதிரி திருப்பி வச்சுக்கிட்டான். இதுல வேடிக்கை என்னன்னா, ஃபைல் தொறக்கச் சொல்லி விண்டோஸுகிட்டக் கேக்கும்போது நீ ஸ்லாஷே போட்டுக் கேட்டாலும் அது வாங்கிக்கிடும். ரொம்ப நீளப் பாதைக்குன்னு தனியா ஒரு முன்னொட்டு உண்டு, அங்க மட்டும்தான் மொறைக்கும். நாலு வருசத்துக்கு முந்தி எழுதும்போதே ஸ்லாஷ் போட்டிருந்தியன்னா இந்தச் சாமியாட்டமே இல்ல.

அடுத்தது பேரு. விண்டோஸு நம்ம ஊரு மாதிரி. முருகேசான்னு கூப்பிடு, ஏ முருகேசுன்னு கூப்பிடு, திரும்பிப் பாக்குதது ஒரே ஆளுதான். இங்கிலீசுல பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, ஃபைல் ஒண்ணுதான். நீ வச்ச பேரு எப்படியிருந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கிடும், அதுக்கு மேல அலட்டிக்கிடாது. லினக்ஸு பத்திர ஆபீசு. பட்டாவுல ஒரு கொம்பு கூடிட்டா நீ ஆளே வேற. மேக் இருக்கே, அது பாக்க லினக்ஸுக்குச் சித்தப்பன் மவன் மாதிரிதான் இருக்கும். இந்த விசயத்துல மட்டும் விண்டோஸ் பக்கம் சாஞ்சிரும். பெட்டியப் பிரிக்கும்போதே அப்படித்தான் வச்சு அனுப்புதான்.

ஒன் கோடுல கான்ஃபிக் ஃபைல் பேரு பெரிய எழுத்துல தொடங்குது. டிஸ்க்ல சின்ன எழுத்து. நாலு வருசமா ஒருத்தன் கண்ணுலயும் படல. லினக்ஸ்ல 'அப்படி ஃபைலே இல்லை'ன்னு சொன்னதும் நீ அந்தச் சர்வர் வச்சிருக்கவன்கிட்டச் சண்டைக்குப் போனேன்னு கேள்விப்பட்டேன். போ, போ, சண்டை போடு. சின்ன வயசுல போடாம எப்பப் போடுதது?

லினக்ஸ் கர்னல் சோர்ஸையே எறக்கிப் பாரு. நெட்ஃபில்டர் பக்கத்துல டிசிபிஎம்எஸ்எஸ்னு பெரிய எழுத்துல ஒரு ஃபைலு, அதே பேரு சின்ன எழுத்துல இன்னொரு ஃபைலு, ஒரே ஃபோல்டர்ல அண்ணந்தம்பியா படுத்துக் கெடக்கும். விண்டோஸ்லயோ மேக்லயோ கிட் வச்சு எறக்கினா, ஒருத்தன் இன்னொருத்தன் மேல ஏறிப் படுத்துருவான். நீ ஒரு எழுத்துகூடத் தொட்டிருக்க மாட்டே, ஃபைல் மாறியிருக்குன்னு கிட் புகார் வாசிக்கும்.

அதே கர்னல்ல 'ஆக்ஸ்'னு பேரு வச்ச ஃபைலும் உண்டு. விண்டோஸ்ல அந்தப் பேரே ஆகாது. கான், பி.ஆர்.என்., ஆக்ஸ், நல், காம் 1 முதல் 9, எல்.பி.டி. 1 முதல் 9, இதெல்லாம் விலக்கி வச்ச பேரு. வால்ல டாட் டெக்ஸ்ட்டு சேத்துத் தப்பிச்சிரலாம்னு பாத்தவனையும் காலங்காலமா விடல. ஃபோல்டர் இல்லாத காலத்துல கீபோர்டு, பிரிண்டரு, மோடத்துக்கெல்லாம் வச்ச பேரு அது. ஃபோல்டர் வந்த பொறவும் எடுக்க மனசு வரல. பெரியவரு செத்து 40 வருசம் ஆச்சு, அவரு கட்டில்ல யாரும் உக்காரக் கூடாதுங்காக. அதுவாச்சும் போவுதுன்னு வையி. புதுசாக் கட்டுத ஒவ்வொரு அறையிலயும் அதே கட்டில ஒண்ணு வாங்கிப் போட்டு, அதுலயும் உக்காரக் கூடாதுன்னா?

ஒன்னைச் சொல்லிச் சிரிக்கேன், என் கதையையும் கேட்டுக்கோ. 1999-ஆம் வருசம். ஒய்டுகே பயத்துல ஊரே ஆடிக்கிட்டுக் கெடந்தது. ஒரு லாரி ஆபீசுக்கு நாங்க யுனிக்ஸ்ல எழுதினத விண்டோஸ் என்.டி.க்கு மாத்திக் குடுத்தோம். பேரெல்லாம் கேக்காத, அந்த மனுசன் இன்னும் என்னைத் தேடிக்கிட்டு இருக்காரு. சாயங்காலம் ஆனா அன்னைக்குள்ள கணக்க ஒரு ஃபைலா எழுதி வைக்கணும். தேதி போட்டு மணி போட்டு பேரு வச்சேன். 18, ஒரு கோலன், 30. யுனிக்ஸ்ல மூணு வருசம் அப்படித்தான் ஓடிச்சு, யாரும் ஒண்ணுஞ் சொல்லல.

என்.டி.யில ஓட்டினேன். எர்ரர் வரல. ஃபைலும் வந்துட்டு. பாத்தா பேரு 18-ஓட நின்னுபோச்சு. அளவு சைபர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது விண்டோஸ்காரன் காட்டுத லட்சணம் அப்படி, உள்ள கணக்கு இருக்கும்"னு அடிச்சு விட்டேன். அதுலதான் மருமவனே கூத்து: நான் சொன்ன பொய் நெசம்! என்.டி.எஃப்.எஸ்.ல ஃபைல் பேருக்குப் பொறவு கோலன் போட்டா, அந்த ஃபைலுக்குள்ளயே மறைவா இன்னொரு அறை தொறக்கு. அதுக்கு 'ஸ்ட்ரீம்'னு பேரு. '30'ங்குதது அந்த அறையோட பேரு. கணக்கு பூராவும் அங்க பத்திரமா கெடக்கு. வாசல்ல நின்னு பாக்குதவனுக்கு வெறும் வீடு, சைபர் பைட்டு. உள்ளறையில கல்யாணப் பந்தியே நடக்கு.

லாரி ஆபீசுப் பையன் கெட்டிக்காரன். தெனமும் அந்த ஃபைல ப்ளாப்பியில காப்பி போட்டு மஞ்சப்பையில வீட்டுக்குக் கொண்டுபோவான். ப்ளாப்பி ஃபேட் வகை. அதுக்கு உள்ளறை, மறைவெல்லாம் தெரியாது. வாசல் மட்டும் காப்பி ஆச்சு. ஒரு நாளு மெசின மாத்தணும்னு வந்துச்சு. ப்ளாப்பிதான் இருக்கேன்னு பழைய டிஸ்க ஃபார்மேட் போட்டுட்டாக. 11 நாள் கணக்கு. கணக்குப்பிள்ளை மூக்குக் கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு, சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டத் தொறந்து ஒரு வாரம் உக்காந்து திரும்ப அடிச்சாரு. அந்த நோட்டுலயும் கோலன் போட்டிருந்தாரு. ஒரு எழுத்தும் மறையல. நான் அந்த வாரம் பூரா அவருக்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு நின்னேன்.

அதுலருந்து ஃபைல் பேருல அ-ஆ-இ-ஈ, எண்ணு, ஒரு கோடு, இதுக்கு மேல எதையும் சேக்குததுல்ல. அ-ஆன்னு சொல்லிட்டேன், அதுலயும் வெனை இருக்கு.

ஒன் பில்லுக்கெல்லாம் தமிழ்ல பேரு வைக்கேன்னு பெருமையாச் சொன்னே. நல்ல காரியம், விட்டுராத. ஆனா சி மொழியில ஃபைல் தொறக்குத எஃப்ஓப்பன் இருக்கு பாரு, விண்டோஸ்ல அது பேரைப் பழைய 'ஆன்சி' கோட்பேஜு வழியாத்தான் வாங்கும். கிரேக்கனுக்கு ஒரு கோட்பேஜ் உண்டு, அரபிக்கு உண்டு, தாய்லாந்துக்காரனுக்கு உண்டு. தமிழுக்குக் கெடையாது. விண்டோஸ் 2000-ல தமிழ் வரும்போதே நேரா யூனிகோடாத்தான் வந்து எறங்கிச்சு. பழைய வழியில ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு கேட்டியன்னா, தமிழ் எழுத்து ஒண்ணொண்ணும் கேள்விக்குறியா வரும். அந்தப் பேரையே திருப்பிக் குடுத்து 'இதத் தொற'ன்னு சொல்லு. 'கேள்விக்குறி ஃபைல் பேருல வரக்கூடாது'ன்னு அதுவே வெரட்டும். குடுத்தவனும் அவன்தான், ஆகாதுங்கவனும் அவன்தான். அகல எழுத்து வழியா, யூனிகோடாக் கேக்கணும். 2019-க்குப் பொறவு விண்டோஸ் 10-ல நம்ம புரோகிராம் மட்டும் கோட்பேஜையே யூடிஎஃப்-8-ன்னு வச்சுக்கிட ஒரு வழி வந்துட்டு. நம்ம எழுத்துக்கு வாசல் தொறக்க இம்புட்டு வருசம்.

லினக்ஸ்ல இந்தத் தொல்லை இல்லன்னு துள்ளாத. அவனுக்குப் பேருங்குதது எழுத்தில்ல, வெறும் பைட்டு. ஒரு பேருக்கு 255 பைட்டு, அம்புட்டுத்தான். தமிழ்ல க-வும் மூணு பைட்டு, அதுக்கு வைக்குத புள்ளியும் மூணு பைட்டு, கொம்பும் மூணு பைட்டு. நம்ம கோயில் கணக்குக்கு ஒரு பிடிஎஃப் பேரு வைப்போம்: 'ஊர்ப் பொதுமக்கள் அருள்மிகு முத்தாரம்மன் திருக்கோவில் சித்திரைக் கொடை விழா வரவு செலவுக் கணக்கு.' தர்மகர்த்தா இதுக்குக் கொறஞ்சு ஒரு எழுத்து வச்சாலும் கோவிச்சுக்கிடுவாரு. விண்டோஸ் கணக்குல இது வாலோட சேத்து 97 எழுத்து, 255 வரைக்கும் எடம் இருக்கு, சௌகரியமா உக்காரும். லினக்ஸ்ல எண்ணிப் பாரு, 263 பைட்டு. தள்ளிருவான். 'ஊர்ப் பொதுமக்கள'க் கழிச்சா 216, உள்ள விடுவான். ஊரை வெளிய தள்ளுனாத்தான் கோயில் உள்ள போகும். பதிலுக்கு விண்டோஸு, முழுப் பாதையும் சேந்து 260 எழுத்துக்கு மேல போகக் கூடாதுன்னு வருசக்கணக்கா மல்லுக்கட்டிச்சு. 2016-ல வந்த பதிப்புலருந்து, நாமளா கேட்டு வாங்கிக்கிட்டா விடுதான். கேக்காதவனுக்குப் பழைய வேலிதான்.

சரி, இப்ப சாவு வீட்டுக்கு வருவோம். இங்கதான் நீ மாட்டப்போறே.

விண்டோஸ்ல ஒருத்தன் ஃபைலத் தொறந்து கையில வச்சிருந்தா, இன்னொருத்தன் லேசுல அத அழிக்க முடியாது. தொறக்கும்போதே 'அழிச்சாலும் பரவாயில்ல'ன்னு சொல்லித் தொறந்திருந்தாத்தான் உண்டு. அப்படி யாரு சொல்லுதா? 'யாரோ பயன்படுத்துதாக'ன்னு பெட்டி ஒண்ணு வந்து நிக்கும். யாருன்னு கேட்டா பல நேரம் சொல்லாது. லினக்ஸ்ல கதையே வேற. அழின்னா ரேசன் கார்டுல பேரை அடிச்சிருவான், அம்புட்டுத்தான். ஆளு உள்ள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டேதான் இருப்பான். தொறந்து வச்சிருக்கவன் கைய விடுத வரைக்கும் ஃபைலு உசுரோடதான் இருக்கு. எழுதலாம், படிக்கலாம், வளரக்கூட வளரும். நீ லாக் ஃபைலு பெருத்துட்டுன்னு அழிச்சிருவே. டியூன்னு போட்டுக் கேட்டா டிஸ்க்ல எடம் கெடக்குங்கும், டிஎஃப்னு கேட்டா ஒரு இஞ்சும் இல்லங்கும். ரெண்டும் நெசந்தான். ஒருத்தன் கார்டப் பாத்து தலை எண்ணுதான், இன்னொருத்தன் அரிசிப் பானையப் பாத்து எண்ணுதான். புரோகிராம நிப்பாட்டித் திரும்ப ஓட்டுனாத்தான் பானை நெறையும்.

இதுக்கு நீ ஒன் கோடுல என்ன பண்ணி வச்சிருக்கேன்னு நேத்து ராத்திரி பாத்தேன். நல்லா யோசிச்சிருக்கேடா, மாமன் மெச்சுதேன். ரெண்டு பேரு ஒரே நேரத்துல கணக்கத் தொறந்துரக் கூடாதுன்னு, பூட்டு ஃபைல் ஒண்ணத் தொறந்து வச்சிருக்கே. இன்னொருத்தன் வந்தா மொதல்ல அந்த ஃபைல அழிச்சுப் பாப்பான். அழிக்க முடியலன்னா உள்ள ஆளு இருக்கு. அழிஞ்சிட்டுன்னா, கரண்டு போயி விட்டுட்டுப் போன பழைய பூட்டு, நாம உள்ள போகலாம். விண்டோஸ்ல கடியாரம் மாதிரி ஓடியிருக்கும். லினக்ஸ்ல எப்ப அழிச்சாலும் அழியும் மருமவனே! நாலு கணக்கனும் நாலு வாசல் வழியா ஒரே பேரேட்டுல உக்காந்து எழுதுவானுக. எர்ரர் வராது. எர்ரர் வந்தா நல்லதாச்சே. மாசக் கடைசியில கூட்டல் இடிக்கும்போதுதான் தெரிய வரும்.

அழிக்க முடியாம இருக்கட்டும்னு 'படிக்க மட்டும்'னு முத்திரை குத்தலாமேங்கியா? விண்டோஸ்ல அந்த முத்திரை குத்தின ஃபைல அழின்னா மாட்டேங்கும். லினக்ஸ்ல அழிக்குத உரிமை ஃபைல்கிட்ட இல்ல, அது கெடக்குத ஃபோல்டர்கிட்ட இருக்கு. மரத்துல வெட்டாதேன்னு எழுதி வச்சா ஆச்சா, தோட்டத்துக்காரன் நெனச்சா வெட்டிருவான்.

பேரு மாத்துததுலயும் ஒரு சூட்சுமம் வச்சிருக்கே. கணக்க மொதல்ல ஒரு தற்காலிக ஃபைல்ல எழுதி, முழுசும் எழுதின பொறவு பழைய பேருக்கு மாத்துதே. நல்ல பழக்கம். ஆனா சி-யில உள்ள ரினேமு விண்டோஸ்ல, அந்தப் பேருல ஏற்கெனவே ஆளு இருந்தா மாட்டேன்னுரும். அதுக்காவ நீ பழசை அழிச்சுட்டுப் பேரு மாத்துதே. அழிச்சதுக்கும் மாத்துததுக்கும் நடுவுல ஒரு இமைப்பொழுது, அந்தப் பேருல கணக்கே இல்ல. நம்ம ஊரு கரண்டு அந்த இமைப்பொழுதுக்குத்தான காத்துக்கிட்டு இருக்கு. லினக்ஸ்ல ரினேமு ஒரே வெட்டுல பழசைத் தள்ளிப் புதுசை வைக்கும், நடுவுல வெத்தெடம் விழாது. அங்க போயும் நீ அழிச்சிட்டு மாத்துனா, செருப்பு வாங்கிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு முள்ளுக்காட்டுல நடக்குத கதை. விண்டோஸ்லயும், இருந்தாலும் பரவாயில்ல மேல வையின்னு சொல்லுததுக்குத் தனியா மூவ்ஃபைல்எக்ஸ்னு ஒரு கூப்பாடு உண்டு. பைத்தான்காரன் இந்த ரெண்டு கூத்தையும் பாத்துட்டு, 2012-ல ஓ.எஸ். ரீப்ளேஸ்னு எங்க போனாலும் ஒரே மாதிரி மேல வைக்குத ஒண்ணக் குடுத்தான்.

அந்தத் தற்காலிக ஃபைல டெம்ப் ஃபோல்டர்லயா எழுதுதே? அதையும் மாத்து. லினக்ஸ்ல டெம்ப் பல எடத்துல தனி ஃபைல் சிஸ்டமா கெடக்கும். அங்கருந்து இங்க ரினேம் நடக்காது, எல்லை தாண்டுதேன்னு கைவிரிச்சிரும். பேரேடு இருக்குத ஃபோல்டர்லயே எழுது. எழுதி முடிச்சதும் எஃப்சிங்க் போட்டு டிஸ்க்குக்குத் தள்ளு. மேக்ல அந்த எஃப்சிங்கு டிஸ்க்கு வாசல் வரைக்கும்தான் கொண்டுபோயி விடும், உள்ள போயி உக்காந்துட்டான்னு உறுதி வேணும்னா எஃப்-ஃபுல்எஃப்சிங்க்னு தனியாக் கேக்கணும்.

அடுத்தது வரி முடியுத எடம். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினவன் நான். ஒரு வரி முடிஞ்சா லீவரப் புடிச்சு வண்டிய இந்தக் கோடிக்குத் தள்ளணும், தாள ஒரு வரி ஏத்தணும். ரெண்டு வேலை. டெலிடைப் மெசின் காலத்துல அதுக்கு ரெண்டு எழுத்து: கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட். டாஸும் விண்டோஸும் ரெண்டையும் புடிச்சுக்கிட்டு இன்னும் லீவரு தள்ளுது. யுனிக்ஸ் லைன் ஃபீடு ஒண்ணே போதும்னுட்டான். பழைய மேக் கேரேஜ் ரிட்டர்ன் மட்டும் வச்சிருந்தான், 2001-ல ஓ.எஸ். பத்து வந்தப்ப யுனிக்ஸ் வழிக்கு வந்துட்டான். நீ விண்டோஸ்ல எழுதின ஷெல் ஸ்கிரிப்ட லினக்ஸ்ல ஓட்டினா 'அப்படி ஃபைலே இல்லை'ங்கும். ஃபைலு கண்ணு முன்னால கெடக்கு! மொதல் வரிக் கடைசியில கண்ணுக்குத் தெரியாம ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கிட்டு இருக்கும். பாஷ்ங்குத பேரோட அதையுஞ் சேத்துப் படிச்சுட்டு, அந்தப் பேருல ஒரு புரோகிராமத் தேடிக்கிட்டு அலையும்.

இதவிட மோசம் படம். விண்டோஸ்ல ஃபைல 'டெக்ஸ்ட்'னு தொறந்து எழுதினா, போற வழியில ஒவ்வொரு லைன் ஃபீடுக்கும் முன்னால ஒரு கேரேஜ் ரிட்டர்னச் சொருகி விடும். படிக்கும்போது 26-ன்னு ஒரு பைட்டு வந்தா ஃபைல் முடிஞ்சிட்டுன்னு கடையச் சாத்தும். எழுத்துக்கு அது மரியாதை, படத்துக்கு அது கொலை. லினக்ஸ்ல டெக்ஸ்ட்டு, பைனரின்னு பாகுபாடே கெடையாது, அதனால அங்கருந்து வாறவனுக்கு 'பி' போட்டுத் தொறக்கணும்னு தோணவே தோணாது. பிஎன்ஜி படத்த உண்டாக்கினவனுக கில்லாடிக. படத்தோட மொத எட்டு பைட்டுலயே கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட், அந்த 26, திரும்ப ஒரு லைன் ஃபீட்னு வரிசையா பொறிய வச்சுட்டானுக. வழியில எவன் கைய வச்சாலும் அந்த எட்டுலயே சிக்கிக்கிடுவான். வீட்டு வாசல்ல மாவு தூவி வச்சுக் களவாணி கால்தடம் பாக்குத மாதிரி.

தேதியப் பத்தி ஒண்ணே ஒண்ணு. விண்டோஸ்காரன் 1601-லருந்து எண்ணுதான், யுனிக்ஸ்காரன் 1970-லருந்து. பென் டிரைவுல உள்ள ஃபேட்டு ரெண்டு செகண்டுக்கு ஒருக்கத்தான் கண்ண முழிக்கும். ஃபைல் மாறியிருக்கான்னு தேதிய மட்டும் நம்பாத, போதும்.

எல்லாத்தையும் கேட்டுட்டு, கோடுக்குள்ள எட்ட எட்ட 'விண்டோஸா இருந்தா இப்படி, லினக்ஸா இருந்தா அப்படி'ன்னு சொருகலாம்னு கையி துடிக்குதே, தெரியுது. சொருகு. நூத்தெம்பது எடத்துல சொருகு. ஆறு மாசங் கழிச்சு எது எங்கன்னு ஒனக்கே தெரியாது, வேலைய விட்டு ஒன்னை யாரும் அனுப்பவும் முடியாது. எங்க காலத்துல அதுக்குப் பேரு சீனியாரிட்டி.

அது வேண்டாம்னா, சொந்தமா ஒரு வாசல் வையி. தொற, அழி, பேரு மாத்து, பூட்டு, இந்த நாலஞ்சு வேலையும் அந்த வாசல் வழியாத்தான் போகணும். மத்த கோடுக்கு வெளிய எந்த ஊருன்னே தெரியக் கூடாது. எஸ்கியூலைட்ட எடுத்துக்கோ, நீ வச்சிருக்க போனுக்குள்ளயும் அதுதான் கெடக்கு. அதுல யுனிக்ஸுக்கு ஒரு ஃபைலு, விண்டோஸுக்கு ஒரு ஃபைலு, ஊர்ச் சண்டை பூராவும் அந்த ரெண்டுக்குள்ள. யுனிக்ஸ் ஃபைலத் தொறந்து படி: ஒரே புரோகிராம் ஒரு ஃபைல ரெண்டு தரம் தொறந்து ஒண்ண மூடுனா, இன்னொண்ணு வச்சிருந்த பூட்டும் கழண்டுருமேன்னு எழுதினவரு வயிறெரிஞ்சு எழுதியிருப்பாரு. விண்டோஸ் ஃபைல்ல, வைரஸ் பாக்குத சாப்ட்வேரு குறுக்க வந்து ஃபைலப் புடிச்சுக்கிட்டா, 25 மில்லிசெகண்டு நின்னு திரும்பக் கேக்கும். பத்து தரம் வரைக்கும், கொஞ்சங் கொஞ்சமா நேரத்தக் கூட்டிக் கூட்டிக் கேக்கும். கடங்காரன் வீட்டு வாசல்ல நிக்குத மாதிரி. அந்தப் பொறுமை ஒனக்கும் வேணும். அந்த வேலைய ஒனக்கு முந்தி ஒருத்தன் செஞ்சிருந்தா, எடுத்துக்கிட வெக்கப்படாத.

எழுதிட்டு விண்டோஸ், லினக்ஸ், மேக்னு மூணு ஊருலயும் ஓட்டிப் பாரு. கோடு மாத்தும்போதெல்லாம் மூணு மெசின்லயும் தானா ஓடுத மாதிரி கட்டி விடு. "என் மெசின்ல ஓடுச்சே"ன்னு சொல்லணும்னு ஆசையா இருந்தா, அந்த மெசினப் பார்சல் பண்ணி கஸ்டமருக்கு அனுப்பிரு.

என்ன, அத்தை கூப்பிடுதாளா? இரு, ஒரே நிமிசம். போன வாரம் கொடைக்கு எடுத்த போட்டோவெல்லாம் ஒன் அக்கா அவ பழைய மேக்லருந்து அனுப்பியிருந்தா. ஒன் போட்டோவ நீ விண்டோஸ்லருந்து அனுப்பினே. ரெண்டு பேரும் ஃபோல்டருக்குக் 'கொடை'ன்னுதான் பேரு வச்சியோ. என் லினக்ஸ் பெட்டியத் தொறந்து பாரு. 'கொடை', கீழயே இன்னொரு 'கொடை'. எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. கண்ணாடி மாட்டிப் பாத்தேன், கழத்திட்டும் பாத்தேன். ஒன்னுது 12 பைட்டு. அக்கா அனுப்பினது 15. பழைய மேக்கு 'கொ'வ வாங்கும்போதே, முன்னால உள்ள கொம்பையும் பின்னால உள்ள காலையும் தனித்தனியாக் கழட்டித்தான் அடுக்கி வைக்கும். விண்டோஸ்ல நீ அடிச்சது கொம்பும் காலும் சேந்த ஒரே எழுத்து. லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற பைட்டு, வேற வேற ஊரு.

ஒண்ணுல அத்தை பொங்கப்பானையோட நிக்கா, இன்னொண்ணுல நீ ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கிட்டு இருக்கே. ரெண்டையும் ஒண்ணாக்கலாம்னு நேத்து கீபோர்டுல 'கொடை'ன்னு அடிச்சேன். ஒரே ஒரு கொடைதான் தொறக்கு, ஒன்னுதுதான். அத்தை போட்டோ எங்கன்னு அவ கேட்டா, நீதான் பதில் சொல்லணும். எந்திரி, கறி ஆறுது.